பஞ்சு வைத்துக் கேட்ட விசில்

சாம்பல்மேடு ரயில்வே காலனிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. ரிட்டயர் ஆகும்போது மற்ற சாமான்களோடு அதையும் லோகோ ஷெட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஞானாதிக்கம் தன்னைப் பற்றியே இப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

அவருடைய மச்சான் சவரிமுத்து ஐம்பது வருஷத்துப் பொம்மை ரயில் ஒன்றை அவரிடம் கொடுத்துவைத்திருந்தார். எஞ்சினுக்குள் சின்ன ஸ்பீக்கர். பொத்தானை அழுத்தினால் விசில் அடிக்கும். கொஞ்ச நாளாக அந்த விசில் கொசு முனகுவதுபோல் தேய்ந்துவிட்டது. அன்று மத்தியானம் அதைப் பார்க்கச் சவரிமுத்து வருகிறார். ஞானாதிக்கம் தொட்டது எதுவும் உருப்படாது என்று கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னவர் அவர். குக்கர், சுவர்க் கடிகாரம், சவரிமுத்துவின் சைக்கிள் மூன்றும் அதற்குச் சாட்சி. இந்த ஒன்றையாவது சரிசெய்து மச்சான் வாயை அடைக்க வேண்டும் என்று ஞானாதிக்கத்துக்கு வெறியே வந்துவிட்டது.

ஷெட்டில் கூட வேலை பார்த்த மஸ்தானையும் வீரபத்திரனையும் கூட்டி வந்தார். போனில் கேட்டதற்கு ரேடியோ மெக்கானிக், உள்ளே வயர் விட்டிருக்கும், ஈயம் வைத்து ஒட்டுங்கள், அப்படியும் கேட்காவிட்டால் பெரிய ஸ்பீக்கராகப் போடுங்கள், நன்றாகக் கேட்கும்வரை விடாதீர்கள் என்றார். வயர் விட்டுத்தான் இருந்தது. வீரபத்திரன் அழகாக ஒட்டினார்.

"டெஸ்ட் பண்ணிரலாமா?" என்றார் ஞானாதிக்கம்.

"பண்ணலாம். ஆனா ரூல்படி பண்ணணும்," என்றார் மஸ்தான்.

ஷெட்டில் விசில் சோதிக்கும்போது காதில் பஞ்சு வைக்காமல் யாரும் நிற்கக் கூடாது. முப்பது வருஷமாக மீறாத ரூல். மூவரும் ஒரு தலையணையைப் பிரித்து, காது கொள்ளும் மட்டும் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். பொத்தானை அழுத்தியதும் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மூவரும் எஞ்சின்மேல் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினார்கள். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். இவர்களுக்குப் போதவில்லை. மைக் செட்காரரிடமிருந்து ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் வந்தன. எஞ்சின் ஒரு சாண், குழாய் நாலு அடி. எஞ்சினைக் குழாய்க்குள் வைப்பதா, குழாயை எஞ்சின்மேல் வைப்பதா என்று அரை மணி நேரம் கையை ஆட்டி வாதாடிவிட்டு, குழாயை மொட்டைமாடியில் கட்டினார்கள். அழுத்தியதும் அலமாரியிலிருந்த தட்டுகள் கீழே விழுந்தன. ஊர்க்கோடி லெவல் கிராஸிங்கில் ரயில் வருகிறதென்று கேட்டை இறக்கிவிட்டார்கள்.

"முன்னைக்குப் பரவாயில்ல," என்று வீரபத்திரன் கத்தினார். "ஆனா பத்தாது."

ஞானாதிக்கத்தின் மனைவி லூர்துமேரி பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு புருஷன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். மற்ற இருவருக்கும் அதே மரியாதை நடந்தது.

"இத வச்சிக்கிட்டுக் கேட்டா எப்படிங்க கேக்கும்?"

ஞானாதிக்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தத் தலையை வைத்துக்கொண்டா முப்பது வருஷம் எஞ்சின் பழுது பார்த்தோம் என்று நொந்துகொண்டார். மூவரும் பஞ்சைத் தரையில் விரித்து வைத்து ஆராய்ந்தார்கள்.

"கோளாறு பஞ்சுலதான்," என்றார் மஸ்தான்.

"இது எப்ப வாங்கின தலகாணி?" என்றார் வீரபத்திரன்.

"என் கல்யாணத்துக்கு."

"அப்புறம் எப்படிக் கேக்கும்? பழைய பஞ்சுய்யா."

வீரபத்திரன் மருந்துக்கடைக்கு ஓடிப் புதுப் பஞ்சு வாங்கி வந்தார். அவர் பின்னாலேயே சவரிமுத்துவும் வந்து சேர்ந்தார். கேட் போட்டுவிட்டதால் பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருந்தார். பொம்மை ரயில் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஞானாதிக்கம் அவர் காதிலும் புதுப் பஞ்சை அடைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

சவரிமுத்து கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஞானாதிக்கத்தின் காதருகே வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"வேலை சுத்தம் மாப்ள. மெக்கானிக் வந்திருந்தாக்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்."

ஞானாதிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சத்தம்தான் இன்னும் கொஞ்சம் வேணும். இன்னொரு குழாய் கட்டுவோமா?"

லெவல் கிராஸிங்கில் கேட்டை மறுபடியும் இறக்கினார்கள்.