அடுப்படிக்கு ஒரு பிளக்

ஆவுடையப்பன் மின்சாரத் துறையில் முப்பது வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் கட்டிய புது வீட்டுக்குத் தானே வரைபடம் போட்டதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார். ஒருநாள் சமையல்காரி செண்பகத்தைக் கடைக்கு அழைத்துப்போனார்.

"உன் வேலையெல்லாம் செய்யிற மெஷினாப் பார்த்து நீயே எடு. அடுத்த மாசத்திலிருந்து நீ வர வேண்டாம்."

செண்பகத்தின் வீட்டு அடுப்பு அவர் தரும் சம்பளத்தில்தான் எரிந்தது. ஆனாலும் முகம் கோணாமல் எடுத்தாள். கிரைண்டர், மிக்சி, ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின், சப்பாத்தி போடும் மெஷின்கூட.

"படிக்காதவதான், சொன்னா புரிஞ்சுக்குவா" என்று கடைக்காரரிடம் பெருமைப்பட்டார் ஆவுடையப்பன். "எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுய்யா. இனி ஒரு ஆளுதான் வேணும்."

"எதுக்கு ஆளு? பிளக்கில சொருகினா ஓடும்."

"புது அடுப்படியில ஒரே ஒரு பிளக்குதானேய்யா வச்சிருக்கீங்க. அதுல ஃபிரிட்ஜ் ஓடுது. கிரைண்டர் போட அதைப் பிடுங்கணும், மிக்சி போட கிரைண்டரைப் பிடுங்கணும். நாள் பூரா நின்னு பிடுங்கிச் சொருகணுமே! நான் படிக்காதவ. அந்த வேலைக்கு ஐயாதான் பொருத்தம்."

கடைக்காரர் குனிந்து, கையிலேயே இருந்த பில் புத்தகத்தைத் தேடினார். ஆவுடையப்பன் கடையின் சுவரைப் பார்த்தார். அந்த ஒரு சுவரில் மட்டும் பதினான்கு பிளக் இருந்தன.

வீட்டுக்குக் கிரைண்டர் மட்டும் வந்தது. அடுத்த மாதமும் செண்பகம் வந்தாள். வரைபடம் யார் போட்டது என்று இப்போது யாராவது கேட்டால், "கரண்டையே கண்ணால பார்க்காத எவனோ ஒருத்தன்" என்கிறார் ஆவுடையப்பன்.