நூறாவது தூண்

கல்லும் மண்ணும் மனுசனோடு பேசிக்கொண்டிருந்த ரொம்பப் பழைய காலம் அது. கேட்க வந்தவங்க எல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. தனியாக உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை இது.

ஏழுகுளம் என்று ஒரு ராச்சியம். ராசா பேர் தடாகவர்மன். கெட்டவன் இல்லை. ஆனால் ஊரார் என்ன சொல்வார்களோ என்றே செத்துப் பிழைக்கிற ஆள். பக்கத்து நாட்டு ராசா ஒருநாள் விருந்துக்கு வந்தவன் சந்தைத் திடலைப் பார்த்தான். நாலு தெருவும் வந்து கூடுகிற இடம். ஒரு பக்கம் கத்தரிக்காய்க் கூடை, ஒரு பக்கம் மாட்டுக்கு லாடம், ஒரு பக்கம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை. "ஏனப்பா, உன் ஜனங்களுக்கு ஒரு மண்டபம்கூட இல்லையா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், நம் ராசாவுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

கொத்தனார்களை அழைத்தான். முதலில் வந்தவன் இருளப்பன். சாரத்திலிருந்து விழுந்ததில் ஒரு கால் கெந்தும். ஆனால் அவன் கட்டிய சுவரில் ஒரு விரிசல் காட்டுங்கள் பார்ப்போம்.

"மண்டபத்துக்கு யார் யார் வருவாங்க, ராசாவே?" என்று கேட்டான் இருளப்பன்.

"யார் வந்தால் உனக்கென்ன?"

"வந்து என்ன செய்வாங்க? வெயில் எந்தப் பக்கம் இறங்கும்? வயசானவங்க எத்தனை படி ஏறுவாங்க?"

"நான் மண்டபம் கேட்டேனா, விடுகதை கேட்டேனா? போ வெளியே!"

இரண்டாவது கொத்தன் வந்தான். அவனும் அதையே கேட்டான். அவனுக்கும் அதே பதில். மூன்றாவதாக வந்தான் வச்சிரமாயன் என்கிற மந்திரவாதி. கருநீல அங்கி, எலும்பாய் வெளுத்த விரல்கள்.

"நான் ஒன்றுமே கேட்கமாட்டேன், மகாராசா. மூன்று நாளில் மேடை. பிறகு நாளுக்கு ஒரு தூண் தானே முளைக்கும். நூறாவது தூண் எழுந்ததும் கூரை தானே மூடிக்கொள்ளும்."

ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேள்வி கேட்டவனைத் துரத்திவிட்டு, கேட்காதவனைக் கட்டிப்பிடித்தான். அட மடராசா! வீட்டுக்கு ஒரு மாட்டுக்கொட்டகை போட்டால்கூட மாடு எத்தனை என்று கேட்பார்களே!

மூன்றே நாளில் திடல் நடுவில் மேடை எழுந்தது. முகம் தெரிகிற கருங்கல். முழங்கால் உயரத்தில் ஏழு படிகள். நாலு தெருவையும் அடைத்துக்கொண்டு நின்றதால் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக அதன் மேல் ஏறித்தான் போகவேண்டும். ஏறினால் காவலாளிகள் கத்துவார்கள்: "உட்காராதே! சாயாதே! சத்தம் போடாதே!"

முதல் நாள் ஒரு கீரைக்காரி மேடை ஏறினாள். வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் மேடையில் ஒரு தூண். இரண்டாம் நாள் ஒரு வண்ணானைக் காணோம். இரண்டாவது தூண். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். மூன்றாவது தூண். ராசா தினமும் உப்பரிகையில் நின்று தூண்களை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டான். காணாமல் போனவர்களை எண்ண அவனுக்குத் தோன்றவே இல்லை. பயந்த ஜனம் ஊரையே சுற்றிக்கொண்டு போனது. அப்படியும் அவசரக்காரன் ஒருத்தன் தினமும் ஏறத்தான் செய்தான்.

தொண்ணூற்று ஏழாம் நாள், குழந்தைக்கு மருந்து வாங்கப் போன இருளப்பன் திரும்பவில்லை.

அவன் பெண்சாதி மருக்கொழுந்து. கட்டிட வேலைக்குச் சுண்ணாம்பு அரைக்கிறவள். கைக்குழந்தை ஒன்று, பேர் குஞ்சரம், ஆறுமாதம். மறுநாள் விடிந்ததும் குழந்தையைப் பழைய சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினாள். வைத்தியர் வீட்டில் இல்லை, குளக்கரையில் இல்லை, எங்கேயும் இல்லை. கடைசியில் திடலுக்கு வந்து, "ஐயோ, எங்கே போய்த் தொலைஞ்சீங்க!" என்று அலறினாள்.

"கத்தாதே தாயி. உன் புருசன் அதோ நிற்கிறான்" என்றது ஒரு குரல்.

யார் என்கிறீர்கள்? திடல் ஓரத்து மூங்கிலில் தொங்கிய திருஷ்டிப் பொம்மை! மண்டப வேலை தங்களுக்குத்தான் என்று நம்பிக் கொத்தனார்கள் முன்பே நட்டது. வைக்கோல் உடம்பு, சட்டிமுகம், முறுக்கு மீசை, நீட்டிய நாக்கு. மந்திரவாதிக்கும் கண்ணேறுக்குப் பயம் போலிருக்கிறது, அதை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தான்.

"ஊரார் கண்ணெல்லாம் என் மேலே. என் கண்ணு எல்லாத்து மேலேயும்" என்றது பொம்மை. "அந்த மேடையில ஏறி, 'எனக்கு இங்க இடமில்லை'ன்னு எவன் மனசு நினைக்குதோ, அவன் அந்த இடத்துலயே தூண். உன் புருசன் காலை இழுத்து இழுத்து ஏழு படி ஏறினான். ஏறி, ஒரு நிமிசம் காலை நீட்ட எங்கேயாவது இடம் இருக்கான்னு பார்த்தான். அவ்வளவுதான்."

மருக்கொழுந்து பார்த்தாள். தொண்ணூற்று ஆறு தூண்கள் நேராக நின்றன. தொண்ணூற்று ஏழாவது மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது, கெந்துகிற மனுசன் நிற்பதுபோல.

"மீட்க வழி?"

"நூறாவது தூண் எழுந்து கூரை மூடிட்டா வழியே இல்லை. நூறு பேர் ஆயுசும் மந்திரவாதிக்குப் போயிடும். அதுக்குள்ள ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அந்த மேடையில கவலை இல்லாம கண்ணயர்ந்தா போதும். மந்திரம் உடைஞ்சிடும்."

இன்னும் மூன்றே தூண். மருக்கொழுந்து ஓடினாள். யாரிடம்? அரண்மனைக் காவல்காரர் மாசாணத்திடம். நின்றுகொண்டே தூங்குவார், நடந்துகொண்டே தூங்குவார், ஒருமுறை ராசா திட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கினார்.

"அண்ணே, நீங்க போய் ஒரு குட்டித்தூக்கம் போடணும். அந்த மேடையில. கல்லாகிப் போனாலும் போயிடுவீங்க, இதையும் சொல்லிடறேன்."

"தூக்கமா? என்கிட்ட கேக்கணுமா தங்கச்சி!" என்று கொட்டாவி விட்டபடி போனார் மாசாணம். ஏறினார். காவலாளி கத்தினான்: "உட்காராதே! சாயாதே! சத்தம் போடாதே!" மாசாணத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தூக்கம் போய்விட்டது. சரி, எங்கே தலையைச் சாய்ப்பது என்று தேடினார். தொண்ணூற்று எட்டு.

அடுத்த நாள், கவலையில்லாச் சாமியார் என்று ஊர் கூப்பிடுகிற ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "எமக்கு வீடில்லை, வாசலில்லை, கவலையுமில்லை. வா போகலாம்" என்றார் அவர். ஏறினார், கண்ணை மூடினார். மூடினவருக்கு ஒரே ஒரு சின்ன நினைப்பு வந்தது: 'இந்தக் கமண்டலத்தை எங்கே வைப்பது?' தொண்ணூற்று ஒன்பது.

மருக்கொழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு உயிரைத் தன் வாயால் அனுப்பிவிட்டாளே! இனி யாரைக் கேட்பாள்? எந்த முகத்தோடு கேட்பாள்?

விடிந்தால் திறப்பு விழா. தமுக்கு அடித்தார்கள்: "ஜனங்கள் எல்லாரும் நண்பகலில் மண்டபம் ஏற வேண்டும்! வராதவர்கள் நாடு கடத்தப்படுவார்கள்!" ஆயிரம் பேர் ஏறினால் யாரோ ஒருத்தர் மனசு நினைக்காதா? நினைத்தால் முடிந்தது கதை.

நண்பகல். ராசா மேடைமேல் நின்றான், பக்கத்தில் மந்திரவாதி. ஜனம் கீழே தயங்கி நின்றது. மருக்கொழுந்து குழந்தையோடு முண்டியடித்து, ஏழு படியும் தாண்டி மேலே ஓடினாள்.

"ராசாவே, யாரையும் ஏறச் சொல்லாதீங்க! இது தூண் இல்லை, என் புருசன்! அது உங்க காவல்காரர் மாசாணம்! எல்லாம் உங்க ஜனம்!"

ராசா திருதிருவென்று விழித்தான். வச்சிரமாயன் சிரித்தான். "பாவம், புத்தி பேதலித்தவள். அதோ அந்தக் கோணல் தூணையா புருசன் என்கிறாய்? எனக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை."

அவள் ஜனங்களைப் பார்த்தாள். ஆளாளுக்கு ஒரு அடி பின்வாங்கினார்கள். ராசாவைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அப்போது, ஐயோ, அவள் மனசு அவளைக் கேட்காமலே நினைத்துவிட்டது: 'எனக்கு இங்க இடமில்லை.'

கால்விரல் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். பாதம் கருங்கல்.

நூறாவது தூண் அவள்தான்! இடுப்பிலே குழந்தை வேறு. பயத்தில் அது வீறிட்டு அழுகிறது. கை கல்லாவதற்குள் பிள்ளையைக் கீழே விட்டாக வேண்டும். எங்கே விடுவாள்? அடுப்புக்கல்லாய்க் கொதிக்கிற தரை! கீழே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள், "யாராவது புள்ளையை வாங்கிக்குங்க!" ஒருத்தரும் ஏறத் துணியவில்லை.

அவளுக்கு மந்திரமும் ஞாபகமில்லை, பொம்மை சொன்னதும் ஞாபகமில்லை. பிள்ளை விழக்கூடாது. அது ஒன்றுதான். வேலைத்தலத்தில் எந்தச் சித்தாளும் செய்கிறதை அவள் கை தானாகச் செய்தது. இடுப்புச் சேலையை அவிழ்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பக்கம் இருளப்பன் தூண், மறுபக்கம் மாசாணம் தூண். இரண்டுக்கும் நடுவே தூளி கட்டினாள். பிள்ளையை அதில் போட்டாள்.

"கட்டாதே! அழகு கெடுகிறது!" என்று பதறினான் மந்திரவாதி.

அவள் காதில் விழவில்லை. முழங்கால் வரை கல். தூளியை ஆட்டினாள்.

"ஆராரோ ஆரிரரோ, என் கண்ணே கண்ணுறங்கு...
அப்பன் பக்கம் இருக்கையிலே ஆர் உன்னைத் தொடுவாரோ..."

இடுப்பு வரை கல். ஆட்டினாள். மார்பு வரை கல். ஆட்டினாள். குழந்தை விசும்பியது, சிணுங்கியது, இமை தாழ்ந்தது. அந்தச் சமயம் பார்த்து மருக்கொழுந்தின் கையும் கல்லாகி அப்படியே நின்றுவிட்டது. தூளி மெல்ல மெல்ல நின்றது. பிள்ளை மறுபடி கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கியது. கழுத்து வரை கல்லானவள் என்ன செய்வாள்? கண்ணீர் மட்டும்தான் அசைந்தது.

அப்போது அந்தக் கோணல் தூண் அசைந்தது.

ஒரு நூலளவுதான். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். தூளி ஆடியது. கல்லாய்ப் போன தகப்பன் பிள்ளையை ஆட்டினான். கொஞ்சம் பொறுங்க, கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

"அறுத்துப்போடு அந்தத் துணியை!" என்று அலறினான் வச்சிரமாயன். காவலாளி கத்தியை உருவிக்கொண்டு ஓடினான். தூளிக்குள் எட்டிப் பார்த்தான். கத்தியைத் தாழ்த்திவிட்டான்.

"தூங்கற புள்ளையை எப்படிங்க எழுப்பறது?" என்றான் கிசுகிசுப்பாக.

தூங்குகிறது! குஞ்சரம் வாயைப் பாதி திறந்துகொண்டு, சூப்பிய கட்டைவிரலை நழுவவிட்டு, அயர்ந்து தூங்குகிறது!

படீரென்று ஒரு சத்தம். தொண்ணூற்று ஒன்பது தூணும் மேலிருந்து கீழாக வெடித்தன. கீரைக்காரி வந்தாள், வாத்தியார் வந்தார், சாமியார் கமண்டலத்தோடு வந்தார். தூண் போனால் தூளி விழுமே என்று பயப்படாதீங்க. சேலையின் ஒரு முனை இருளப்பன் கைப்பிடியில் இருந்தது. மறுமுனையை மாசாணம் பிடித்திருந்தார், கொட்டாவி விட்டபடி. மருக்கொழுந்து மேலிருந்து கல் உதிர்ந்து விழ, புருசன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "சத்தம் போடாதே, புள்ளை முழிச்சுக்கும்" என்றான் இருளப்பன். அவனும் அழுதுகொண்டுதான் சொன்னான்.

ஏவல் முறிந்தால் ஏவினவனையே அடிக்கும். வச்சிரமாயன் ஓட இடம் தேடினான், ஒளிய இடம் தேடினான், கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே கல்லானான். தூண் அளவு உயரம்கூட இல்லை, முழங்கால் உயரக் கல். கீரைக்காரி கூடையை இறக்கிவிட்டு அதன் மேல்தான் முதலில் உட்கார்ந்தாள்.

ராசா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடும்மா" என்றான். பிறகு இருளப்பனைப் பார்த்து, "அன்று ஏதோ கேட்டாயே, திரும்பக் கேள்" என்றான்.

இருளப்பன் கேட்டான். ராசாவுக்கு ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. அதனால் ஒரு மாதம் அவனே சந்தைத் திடலில் அலைந்து, கத்தரிக்காய்க்காரியிடம் கேட்டான், லாடம் அடிக்கிறவனிடம் கேட்டான், சண்டை போடுகிறவர்களிடம்கூடக் கேட்டான். அதற்கப்புறம்தான் மருக்கொழுந்து சுண்ணாம்பு அரைக்க, இருளப்பன் கட்டினான். தாழ்ந்த படிகள், பக்கத்தில் சரிவுப் பாதை, மேற்கு வெயிலுக்கு மறைப்பு. நாலு தெருவும் நேராக உள்ளே நுழைந்து வெளியேறின.

முதல் நாளே கூட்டம் நெரிந்தது. ராசா கொஞ்சம் தாமதமாக வந்தான். எங்கே பார்த்தாலும் ஆள். தூணோரம் ஒண்டி நின்றான். பயத்தில் கால்விரலைக்கூட ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

மருக்கொழுந்து பார்த்துவிட்டாள். மடியில் இருந்த குழந்தையை நகர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களை இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா. இப்படி வாங்க ராசாவே, இடம் இருக்கு."

ராசா உட்கார்ந்தான். ஏழுகுளத்தில் அதற்கப்புறம் யாரும் கல்லாகவில்லை. நீங்களும் எழுந்து வீட்டுக்குப் போய்ப் பயமில்லாமல் தூங்குங்க.