நஞ்சப்பண்ணன் வீட்டு ஆவி எஞ்சின்

தரணீதரனின் கல்யாண போட்டோவில் தலை வலப்பக்கம் ஒரு தினுசு, இடப்பக்கம் ஒரு தினுசு. கரண்ட் கட்தான் காரணம் என்று அவன் மாமனார் வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் அந்த சலூனிலேயே இருந்தவன். நஞ்சப்பண்ணனுக்கும் அதில் பங்கு உண்டு.

முகூர்த்தம் பத்தரைக்கு. ஒன்பது மணிக்கு, தரணியின் பாதித் தலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சார்ஜ் மெஷினும் செத்துக் கிடந்தது. மீதியைக் கத்திரியில் முடித்துவிடலாம் என்றான் மயில்சாமி, கடைக்காரன். பொண்ணு வீட்டார் முன்னால் அப்படிப் போய் நிற்க மாட்டேன் என்று மாப்பிள்ளை அழாத குறை. கரண்டுக்காகக் காத்திருந்தோம்.

கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எதிர் வீட்டு நஞ்சப்பண்ணன் பேப்பரை மடித்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். வாயும் லேத் மாதிரிதான், நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் சுற்றும்.

“எங்க ஊட்டுல கரண்டே போறதில்லைங்க. இட்லிச் சட்டி மூடியில ஓட்டை போட்டு, ஸ்கூட்டர் சிலிண்டரைப் பூட்டி, ஒரு டைனமோவைக் கோத்து உட்டிருக்கேன். ஒரு ஈடு இட்லி வேகற ஆவியில ரெண்டு ஃபேன் ஓடும்.”

இட்லி வேகுமா என்று மயில்சாமி கேட்டான். வேகாமலா, அந்த ஃபேன் காற்றுக்கு இட்லி பறக்கிறது, ஒரு கையால் அமுக்கிக்கொண்டுதான் சாப்பிடுகிறோம் என்றார் அண்ணன்.

மூன்று ஈடு ஊற்றினால் போர் மோட்டாரே ஓடுமாம். ஒருநாள் தண்ணீர் தீர்ந்தும் மோட்டார் நிற்காமல், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை உறிஞ்சி, அந்தக் கிணற்றோடு கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாம். கட்டில் எப்படிக் குழாய்க்குள் வரும் என்று நான் கேட்டேன். கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்றார்.

“போன ஆவணியில சம்பந்தி ஊட்டுக்காரங்க முப்பது பேரு வந்தாங்க. அவங்க போதும்னாலும் நாம உடுவமா? இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு இருபது ஈடு ஊத்திட்டா எங்க ஊட்டுக்காரி. கரண்டு ஊடு கொள்ளலை. கம்பி வழியா வெளிய போயி, மலை மேல அணைக்கட்டுல இருக்கற டர்பைனைப் பின்னாடி சுத்த உட்டிருச்சு. ஆத்துத் தண்ணி பூரா மலையேறுது. மீனெல்லாம் போன வருசம் பொறந்த இடத்துக்கே போயிருச்சு. லைன்மேன் ஓடிவந்து அடுப்பை அணைங்கன்னு கையெடுத்துக் கும்புட்டான். அவனையும் உக்கார வெச்சு எட்டு இட்லி போட்டம். அதுக்கு ஒரு ஈடு ஊத்துனதுல மழையே கீழ இருந்து மேல பேஞ்சுது.”

மயில்சாமி சிரிக்காமல் சீப்பைத் துடைத்தான். நானும் வேறு பக்கம் பார்த்தேன். தரணி மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. அவனுக்கு மணி ஒன்பதே முக்கால். அந்த நிலையில் யார் எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும், பாவம்.

“ஏனுங்ணா, அங்க இருந்து ஒரு ஒயர் இழுத்துக்கலாங்களா? அஞ்சே நிமிசம்.”

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. ஒயர் தாங்காது, தெருவே உருகிவிடும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தரணி கழுத்துத் துணியோடு எழுந்து தெருவைத் தாண்டிவிட்டான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அண்ணன் கடைசியாக வந்தார்.

அவர் மனைவி சரசக்கா வாசற்படியில் ஊறிய அரிசிக் குண்டாவோடு உட்கார்ந்திருந்தார். பாதித் தலையோடு நின்ற மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான்.

“அக்கா, ஒரே ஒரு ஈடு இட்லி ஊத்துங்க. கல்யாணத்துக்கு நேரமாகுது.”

அக்கா அவன் தலையைப் பார்த்தார். பிறகு புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

“ஊத்தறேன் தம்பி. ஆனா கரண்ட் வந்தாத்தானே மாவாட்ட முடியும்.”