குகைக்குள் ஒரு துருவ நட்சத்திரம்

ஏரிக்கரைப் பாறைக் குகையில் ஒரு குள்ளநரி வானம் காட்டியது. கூரையெல்லாம் நட்சத்திரங்களைப் போல மின்மினிப் பூச்சிகள்!

"பாடமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம்! வேடிக்கை பார்த்தாலே வானம் முழுக்க மனசில் பதிஞ்சிடும்!" என்று கூவியது.

நீர்க்கோழிக் குஞ்சுகள் தினமும் ஓடின. தாய்மார் வாசலிலேயே நின்றதால், நரி ஒரு சிறகைக்கூடத் தொடவில்லை.

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. வடக்கே உள்ள பெரிய ஏரிக்குத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து இரவோடு இரவாகப் பறந்தாக வேண்டும். கண் கூர்மையான குஞ்சுகள்தாம் முன்னால் பறக்கும். பெரியவர்கள் பின்னால் போவார்கள். அதுதான் நீர்க்கோழிகளின் வழக்கம்.

செந்நெற்றி என்ற தாய் மட்டும் குகை வாசலில் நின்ற கொக்கிடம் போனாள்.

"கொக்கண்ணே, நரி சொல்லிக்கொடுக்கிறது சரிதானா?"

"அதை ஆராய்ந்தாச்சு தங்கச்சி! வெளியே வந்த ஒவ்வொரு குஞ்சிடமும் 'நல்லா இருந்ததா?' என்று கேட்டேன். அத்தனையும் தலையை ஆட்டின!"

"நீர்க்கோழி நடந்தாலே தலை ஆடுமே அண்ணே!"

"என் ஆராய்ச்சியிலேயே குற்றம் கண்டுபிடிக்கிறியா?" கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புறப்படும் நாள் வந்தது. இருட்டியதும் கூட்டம் மேலே எழும்பியது. முன்னால் பறந்தது செந்நெற்றியின் குஞ்சு சில்லு. திடீரென்று அது கீழே சரிந்தது.

"எங்கேடா போறே?"

"துருவ நட்சத்திரத்துக்கும்மா! அதோ!"

செந்நெற்றி பார்த்தாள். அது வானத்திலேயே இல்லை! குகை வாசலில் பச்சையாக ஒரு பெரிய வெளிச்சம்!

"ஐயோ! அது மின்மினிக் கூட்டம்டா!"

"இல்லம்மா! எல்லாத்தையும்விடப் பெரிசா மின்னுறதுதான் துருவ நட்சத்திரமாம். நரி மாமா சொன்னாரு!"

மற்றக் குஞ்சுகளும் வரிசையாகச் சரிந்தன. வெளிச்சத்துக்கு அடியில் நரியின் வாய் திறந்தே இருந்தது.

செந்நெற்றி கல்லைப் போல விழுந்து சில்லுவை இடித்துத் தள்ளினாள். நரியின் பற்கள் அவள் வாலில் பதிந்தன. வால் இறகுகள் பிய்ந்து போயின. உயிர் மட்டும் தப்பியது.

"நரி! நரி! திரும்புங்க!" என்று அலறினாள். கூட்டம் பதறி நாணலுக்குள் விழுந்தது.

மறுநாள் இருட்டியதும் அவள் யாரையும் பறக்கவிடவில்லை.

"துருவ நட்சத்திரத்தைக் காட்டுங்க, பார்ப்போம்!"

ஒரு குஞ்சு தெற்கே காட்டியது. ஒன்று நிலாவைக் காட்டியது. இன்னொன்று எதிர்க்கரையில் எரிந்த மீனவர் விளக்கைக் காட்டியது! பக்கத்தில் நின்ற கொக்கு அலகை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டது.

இத்தனை நாளில் தானும் குஞ்சுகளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று செந்நெற்றி தன்னையே நொந்துகொண்டாள்.

"விடியும்வரை பாருங்க. எது நகரலையோ, அதைச் சொல்லுங்க" என்றாள்.

எல்லா நட்சத்திரங்களும் நகர்ந்தன. வடக்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, மங்கலாக ஒன்று மட்டும் அப்படியே நின்றது.

"அம்மா! இவ்வளவு சின்னதா?" என்றான் சில்லு, நம்ப முடியாமல்.

அடுத்த இரவு ஒவ்வொரு குஞ்சும் அதைக் காட்டிய பிறகே கூட்டம் பறந்தது. பெரிய ஏரியில் ஒன்றுகூடக் குறையாமல் இறங்கியது.

நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், என்ன தெரிந்துகொண்டாய் என்றும் கேட்டுப் பார்ப்பவர்களே பிள்ளைகளை ஆபத்திலிருந்து காப்பாற்றுவார்கள்.