ஓடம் திரும்பிய காரணம்

"நாப்பது நாளா படிக்கேன் தாயி. ஒரு கதையும் அம்புடல."

சுவடிச்சாலை வாசலில் நின்று இப்படிப் புலம்பியவர், கதை சொல்லும் மாசிலாமணி. வயது அறுபது. சுவடிகளைக் காக்கும் செண்பகவல்லிக்கு முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அவள்தான் அவருக்குக் குரு. அறிவுக்கு நரை எதற்கு!

விஜயதசமி அன்று அம்மன் கோயிலில் அவர் புதுக்கதை சொல்ல வேண்டும். போன வருஷம் பாதியிலேயே சனம் எழுந்து போய்விட்டது. இந்த வருஷமும் அப்படி என்றால், முப்பது வருஷமாக அவர் நின்ற இடம் இன்னொருவருக்கு.

"என்னென்ன படிச்சீங்க அண்ணாச்சி?"

கோயில் வரலாறு, யானை வைத்தியம், மழைக்குறி, நட்சத்திர பலன். கடகடவென்று ஒப்பித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை.

"எல்லாம் உள்ள கிடக்கு. ஒண்ணும் வாய்க்கு வரமாட்டேங்கு."

செண்பகவல்லி சிரித்தாள். பழைய படகுத்துறைச் சுவடி ஒன்றை எடுத்துத் தந்தாள்.

அவர் வாசித்தார்.

‘ஓடக்காரி மூக்கம்மை நடு ஆற்றில் ஓடத்தைத் திருப்பினாள். காரணம்…’

அடுத்த ஏட்டைத் தள்ளப் போனார். அவள் சட்டென்று வாங்கிக் கட்டிவிட்டாள்.

"பூசைக்கு வைக்கணும்."

அன்று சரஸ்வதி பூசை. சுவடியெல்லாம் அடுக்கிச் சந்தனம் வைத்தாயிற்று. மறுநாள் வரை யாரும் படிக்கக் கூடாது.

"ஒரே ஒரு வரி தாயி!"

"சாமி கண்ணக் குத்தும்."

மாசிலாமணி ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தார். சாப்பாடு மறந்துபோனது.

ஏன் திரும்பினாள்? யாராவது கூப்பிட்டார்களா? பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்தாளோ? தண்ணீர் மினுங்கியது. ஓடம் போனது, நின்றது, திரும்பியது. துடுப்பிலிருந்து சொட்டியது. மூக்கம்மை அவரைப் பார்த்தாள். ஐயோ, அந்த முகத்தில் என்ன பயம்!

விடிந்ததும் ஓடி வந்தார். பூசை முடிந்து சுவடி கைக்கு வந்தது. கட்டை அவிழ்த்து அந்த ஏட்டைத் தேடிப் பிரித்தார்.

‘காரணம், மழை.’

அவ்வளவுதான்.

"மழையாம் மழை!" அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதினவனுக்கு என்ன தெரியும்? மழைக்குத் திரும்புதவளா அவ? அக்கரையில நின்ன ஆளப் பாத்துட்டுல்லா திரும்பினா!"

செண்பகவல்லி அவர் கையிலிருந்து சுவடியை வாங்கி ஓரமாக வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு அண்ணாச்சி அந்த ஆளு?"