கொக்குப்பாறையின் இரண்டாவது உச்சி

கொக்குப்பாறை அடிவாரத்துக் குடிசைகளைக் காலி செய்யச் சொன்னார் ஜமீன்தார். தன் பாட்டனாருக்கு ராஜா அந்த இடத்தைக் கொடுத்தபோது எழுதியது என்று, நூறு வருஷத்துப் பாட்டொன்றைப் புலவரை விட்டுச் சனத்தின் முன்னால் படிக்க வைத்தார்.

"இரட்டை உச்சியில் மேகம் இளைப்பாறும் கொக்குப்பாறை..."

"இதுக்கு எதிர்ப்பாட்டு இருக்கா உங்ககிட்ட?" என்று குடிசைக்காரர்களைக் கேட்டார் ஜமீன்தார்.

தொழுவத்தில் சாணி அள்ளும் பூவாயி முன்னால் வந்தாள். "எனக்குத் தெரிஞ்சது ஒப்பாரிதான் சாமி" என்று உட்கார்ந்து பாடினாள்.

"ஒத்த உச்சிப் பாறையில இடி விழுந்து ரெண்டாச்சே, ஒதுங்கி நின்ன என் ராசா உசுரும்தான் போயாச்சே..."

பாட்டை நிறுத்திச் சொன்னாள்: "அந்த இடியில என் புருஷன் செத்து ஏழு வருஷம் ஆச்சு சாமி. நீங்கதான் கோடித்துணி அனுப்பினீங்க. நூறு வருஷத்துக்கு முந்தியே ரெண்டு உச்சியைப் பாத்த புண்ணியவான் யாருங்க?"

புலவர் ஓலையைச் சுருட்டினார். ஜமீன்தார் எழுந்து போனார். குடிசைகள் தப்பின. சனம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

எடுத்த ஒப்பாரியை அந்த ஊரில் பாதியில் விடமாட்டார்கள். பூவாயி தனியே உட்கார்ந்து மீதியையும் பாடினாள்.