பெயர் உரிந்த கரு

அவசரக்காரர்களுக்கு இந்தக் கதை ஆகாது. கடைசி வரை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஈரோட்டில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனை. கருவை உறையவைத்துக் காப்பதில் ஆராய்ச்சி செய்கிறவள் பூங்கோதை. அவள் பொறுப்பில், திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் கருக்களைக் காக்கும் ஒரு பழைய டேங்க் இருந்தது. அதற்குள் கரு வைத்த மூன்றே மூன்று குச்சிகள்; இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒன்றில் ரேணுகாதேவியின் கரு. புற்றுநோய்க்காகச் சினைப்பைகளை எடுத்துவிட்டதால் அவளுக்கு இனி வேறு கரு கிடையாது. இன்னொன்று, இதே சிகிச்சையில் ஏற்கெனவே ஒரு பெண்குழந்தை பெற்ற தம்பதியுடையது. மூன்றாவதில், பூங்கோதையின் ஆராய்ச்சிக்குத் தானமாக வந்த கருக்கள். அவளுடைய பல வருட உழைப்பு அதில்தான் இருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் பெயர்ச்சீட்டு உண்டு; ஆராய்ச்சிக் குச்சியில் பூங்கோதை பெயர். எதைத் தொட்டாலும் ஊழியர்கள் இருவர் சேர்ந்து பெயரை உரக்கப் படிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆயுதபூஜை வந்தது. ஆய்வகத்தைக் கழுவித் துடைத்த ஆர்வத்தில் யாரோ டேங்கைச் சாய்த்து இடித்துவிட்டு, பொட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் கீழே பூஜையில் இருந்தபோது பூங்கோதை மேலே வந்து பார்த்தால், டேங்கின் வெளிச்சுவரெல்லாம் பனி பூத்திருக்கிறது. மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத்தான் நைட்ரஜன் மிச்சம். அதுவும் வற்றினால் உள்ளே எந்தக் கருவும் பிழைக்காது. கத்தினாள். கீழே அடித்த மணியில் யாருக்கும் கேட்கவில்லை. பூஜைக்கு வந்து மாடிப்படியருகே நின்றிருந்த ரேணுகா மட்டும் ஓடிவந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். கைவசம் இருந்த, நைட்ரஜன் நிரம்பிய சின்னக் கேனில் ஒரு குச்சிக்குத்தான் இடம்.

பூங்கோதை தன் குச்சியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரேணுகாவின் பெயரைப் படித்து, அந்தக் குச்சியை எடுத்துக் கேனுக்குள் இறக்கினாள். விறைத்துப்போன சீட்டு கையுறையோடு உரிந்து வந்து தூளாகிவிட்டது.

தலைமை மருத்துவர் நல்லசிவம் வந்து சேர்வதற்குள் டேங்க் வறண்டிருந்தது.

"நீங்க எடுத்தது உங்க ஆராய்ச்சிக் குச்சி இல்லேன்னு எப்படிம்மா நம்பறது? பெயர் இல்லாத கருவை நான் எந்த வயித்துலயும் வைக்க மாட்டேன். அழிச்சிடுங்க."

"ஏனுங்க டாக்டர், என் பேரைத்தானுங்க படிச்சாங்க. கண்ணாடி வழியா நானே பாத்தனுங்க. அது என் குழந்தைங்க!" ரேணுகா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவங்க கருதான் சார். என் ஆராய்ச்சிக் குச்சியை விட்டுட்டுத்தான் இதை எடுத்தேன்" என்றாள் பூங்கோதை.

அழிக்கச் சொல்கிற மருத்துவர், கண்ணால் கண்டேன் என்கிற தாய், நம்புங்கள் என்கிற ஆராய்ச்சியாளர். இதில் யார் சொல்வது சரி? அந்தக் கருவை ரேணுகாவுக்கு வைக்கலாமா, கூடாதா?

விடை: வைக்கலாம்; ஆனால் மூவரில் யார் பேச்சைக் கேட்டும் அல்ல. குழந்தைக்கு ஏங்குகிறவளின் கண் எந்தச் சீட்டிலும் தன் பெயரைத்தான் படிக்கும். எடுத்தவளே தனக்குச் சாட்சியாக முடியாது. மருத்துவர் சந்தேகப்பட்டது நியாயம், அழிக்கச் சொன்னதுதான் தப்பு. ஊழியர்கள் இருவர் வறண்ட டேங்கைத் திறந்து, இனி எதற்கும் உதவாத இரண்டு குச்சிகளின் சீட்டுகளையும் உரக்கப் படித்தால் போதும். படித்தார்கள். முதலாவதில் அந்தத் தம்பதியின் பெயர். இரண்டாவதில் பூங்கோதையின் பெயர். மிஞ்சிய மூன்றாவதுதான் கேனில் இருந்தது. ரேணுகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பூங்கோதை மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, அந்தத் தம்பதிக்குப் போன் செய்யப் போனாள்.